பால்மரம் பலகையாகும் இடம்: பார்த்ததை விளக்கக் கட்டுரையாக்குவது எப்படி?



ஒரு கட்டுரையின் முதல் வரியை மட்டும் சொல்கிறேன். மிச்சத்தை நீங்களே முடித்துவிடுவீர்கள். "கடந்த பள்ளி விடுமுறையில் நானும் என் நண்பர்களும் ஒரு தொழிற்சாலைக்குச் சுற்றுலா சென்றோம்." அவ்வளவுதான். காலை 8 மணிக்குப் பேருந்து புறப்படும். எல்லாரும் மகிழ்ச்சி வெள்ளத்தில் மிதப்பார்கள். நிர்வாகி இன்முகத்துடன் வரவேற்பார், விளக்கம் தருவார், சிற்றுண்டி கொடுப்பார். மாலையில் களைப்போடு வீடு திரும்பி, "இவ்வனுபவம் என் மனத்தில் பசுமரத்தாணி போல் பதிந்தது" என்று முற்றுப்புள்ளி வைப்பார்கள். தொழிற்சாலையில் என்ன நடந்தது என்று மட்டும் ஒரு வரியும் இருக்காது.

என் வகுப்பில் இப்படி ஒரே தவணையில் பதினாறு கட்டுரைகள் வந்தன. திருத்தி முடித்த கையோடு ஒரு கேள்வி கேட்டேன்: "பசுமரத்தில் ஆணி ஏன் சுலபமாப் பதியுது?" வகுப்பு அமைதியாகிவிட்டது. உவமைத்தொடரின் பொருள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் ஆணியையோ பச்சை மரத்தையோ யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. சரி, இவர்களை மரம் இருக்கும் இடத்துக்கே கூட்டிப் போவோம் என்று அன்று முடிவு செய்தேன்.

பாலத்தைக் கடந்து

எங்கள் பள்ளி ஜார்ஜ்டவுனில் இருக்கிறது. தீவில் வளரும் பிள்ளைகளுக்குத் துறைமுகம் தெரியும், தோட்டம் தெரியாது. சுவெட்டன்ஹாம் துறையில் உல்லாசக் கப்பல் நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். தங்கள் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறி இதே பினாங்கில்தான் இறங்கினார்கள் என்பதைக் கதையாகக் கேட்டிருக்கிறார்கள். இறங்கியவர்கள் எந்த மரத்தை நம்பி வந்தார்களோ, அந்த மரத்தை நேரில் பார்த்தவர்கள் என் 18 மாணவர்களில் இரண்டே பேர்.

நாங்கள் போனது செபராங் பிறையில் உள்ள ஒரு பலகை ஆலை. பெயர் போட வேண்டாம் என்று தவ்கே கேட்டுக்கொண்டதால் பெயர் இல்லை. பாலத்தில் எங்கள் பேருந்துக்கு முன்னால் கொள்கலன் லாரிகள் வரிசையாகப் பட்டர்வொர்த் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ரப்பர் மரத்தில் செய்த மேசை நாற்காலிகளும் அப்படித்தான் கப்பலேறுகின்றன. அறுத்த ரப்பர் பலகையை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்ப 2017 ஜூலையில் நம் நாடு தடை போட்டது. பலகை போனால் பக்கத்து நாட்டுக்காரன் மேசை செய்து விற்பான். அந்த வேலை இங்கேயே நடக்கட்டும் என்பதுதான் காரணம்.

பிறை தொழிற்பேட்டை வழியாகப் போகும்போது மாணவர்களுக்கு ஒரு செய்தி சொன்னேன். 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை இங்கேதான் இருந்தது. அதன் ஊதுலைக்கு நிலக்கரிக்குப் பதிலாகப் போட்டது ரப்பர் மரத்தைச் சுட்டு எடுத்த கரி. பால் வற்றிய மரத்துக்கு அன்றைக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்: விறகு, கரி, இல்லையென்றால் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு எரிபொருள். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரத்தை வெட்டிச் சாய்த்து, இருந்த இடத்திலேயே கொளுத்திவிட்ட தோட்டங்களும் உண்டு.

அப்படி எரித்த மரம் இன்று எப்படி மேசையானது? இதுதான் நம் விளக்கக் கட்டுரைக்கு வேண்டிய கேள்வி. "பலகை ஆலையில் என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பட்டியல்தான் வரும். இந்த மரத்தை முன்பு ஏன் எரித்தார்கள், இப்போது ஏன் எரிப்பதில்லை என்று கேட்டுப் பாருங்கள். விளக்கம் தானாக வரும்.

வைரம் இல்லாத மரம்

பதில் மரத்தின் உடம்புக்குள் இருக்கிறது. அதைச் சொல்ல நமக்குப் பழைய, நல்ல சொற்கள் இருக்கின்றன.

மரம் பருக்கும்போது உள்ளிருக்கும் பகுதி மெல்லச் செத்து, பிசினும் பிற பொருள்களும் ஏறி, நிறம் கறுத்து இறுகிப்போகிறது. இதைத்தான் வைரம், காழ், சேகு என்கிறோம். "வைரம் பாய்ந்த கட்டை" என்று ஆளைச் சொல்வது இங்கிருந்து வந்தது. வைரத்தைச் சுற்றி வெளிறிக் கிடக்கும் இளம்பகுதி வெளிறு. கருங்காலியைக் குறுக்கே அறுத்தால் கறுப்பு வைரமும் அதைச் சுற்றிய வெளிறும் கோடு போட்டது போலத் தெரியும். தேக்கிலும் தெரியும். தொல்காப்பியர் மரபியலில் தாவரங்களைப் பிரித்ததே இந்தக் காழை வைத்துத்தான். உறுதி வெளிப்புறம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். அதனால்தான் தென்னையும் பனையும் மூங்கிலும் நம் இலக்கணத்தில் புல் வகை. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் அறியாமையைக் குறிக்க வள்ளுவர் எடுத்தாள்வதும் 'வெளிறு' என்ற சொல்லைத்தான். உள்ளீடு இல்லாத நிலைக்கு மரத்திலிருந்து எடுத்த சொல் அது. இலக்கியப் பாடம் நடத்துகிறவர்கள் ஒரு மரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் குறளை நடத்திப் பாருங்கள்.

இப்போது ரப்பர் மரத்துக்கு வருவோம். அடுக்கி வைத்திருந்த கட்டைகளின் முகப்பைப் பார்த்த மாணவி ஒருத்தி, "டீச்சர், இதுல வைரமே காணோமே!" என்றாள். சரியாகப் பிடித்தாள். முகப்பு முழுக்க ஒரே இளமஞ்சள். ரப்பர் மரத்தில் வைரம் என்று கோடு போட்டுக் காட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை. அதோடு இந்த மரம் தன் உடம்பெல்லாம் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. ஈரமும் மாவும் சேர்ந்தால் என்ன ஆகும்? நேற்று ஊறவைத்த அரிசிக்கு ஆவதுதான். வெட்டிய ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் உள்ளே புகுந்து மரத்தை நீலம் கலந்த சாம்பல் நிறமாக்கும். காய்ந்த பிறகு சிறு வண்டுகள் முட்டையிடும்; புழு மாவைத் தேடித் துளைத்துக்கொண்டே போகும். மேசைக்கு அடியில் மெல்லிய பொடி கொட்டிக் கிடப்பதை உங்கள் பாட்டி வீட்டில் பார்த்திருக்கலாம். "உளுத்துப் போச்சு" என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆகவே பலகை ஆலையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வேலையும் இந்த ஒரு குறைக்குப் பதில் சொல்வதற்காகவே நடக்கிறது. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு "பின்னர்... பின்னர்... அதன் பின்னர்..." என்ற தொல்லை இல்லை.

கட்டைத் திடல்

லாரி வந்ததும் கட்டைகளை இறக்கிப் பார்வையிடுகிறவர் ஒரு தமிழ்ப் பெரியவர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கெடாவில் ஒரு தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டி, வீட்டையும் காலி செய்யச் சொன்னபோது இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாராம். "என்னைய விரட்டுன மரம் என் பின்னாலேயே வந்துருச்சு டீச்சர்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் பாட்டியும் அந்தப் பக்கம் நிரை பிடித்தவர்தான்.

கட்டைகள் ஆறடி நீளத்துக்கு மேல் இல்லை. ரப்பர் மரம் ஓங்கி வளரும் காட்டு மரம் அன்று. கிளை பிரியும் வரைதான் நேரான தண்டு கிடைக்கும். ஒரு கட்டையைப் புரட்டி அதன் மேல் கையை ஓட்டிக் காட்டினார். ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது. அடுத்த கட்டையில் முண்டும் முடிச்சுமாக ஏதோ வீங்கியிருந்தது.

"இது நல்ல கை வெட்டுன மரம். அது அவசரக்காரன் வெட்டுனது. உளி பட்டையோட நிக்கணும் தம்பி. உள்ள கட்டையில பட்டா மரத்துக்குக் காயம். காயம் ஆறும், தழும்பு போகாது."

இதற்கு அறிவியல் விளக்கம் உண்டு. பால் ஓடும் குழாய்கள் பட்டையில் இருக்கின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. நல்ல தொழிலாளி அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும்போதே உளியை நிறுத்திவிடுவார். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில்! படலத்தில் உளி பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். அறுக்கும்போது அந்தப் பலகை கழிவுக்குப் போகும். யாரோ ஒருவர் முப்பது வருஷத்துக்கு முன் எப்படி உளி பிடித்தார் என்பது இன்றைக்குப் பலகையின் தரத்தில் தெரிகிறது. மாணவர்கள் வாயடைத்து நின்ற இடம் இதுதான்.

பிறகு ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து குலுக்கினார். உள்ளே துருப்பிடித்த ஆணிகள், கம்பித் துண்டுகள், பால் வழிய அடிக்கும் சின்னத் தகரங்கள். எல்லாம் கட்டைக்குள்ளிருந்து எடுத்தவை. மங்கு தாங்கும் கம்பியைக் கழற்றாமல் விட்டால் மரம் வளர்ந்து அதைத் தனக்குள் மூடிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. ரம்பம் அதில் மோதினால் பல் தெறித்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

பசுமரத்தாணி! வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் டின்னுக்குள் இருந்தது. உயிருள்ள மரம் ஈரமாய், இளக்கமாய் இருப்பதால் ஆணியைத் தடுக்காமல் உள்ளே விடுகிறது. பிறகு வளர்ந்து அதை இறுக்கிக்கொள்கிறது. அறுத்த பச்சைப் பலகையில் அடித்த ஆணிக்கு இந்தப் பிடிப்பு கிடையாது. பலகை காயக் காய ஆணி தளர்ந்துவிடும். எந்தத் தச்சரும் ஈரப் பலகையில் ஆணி அடிக்கமாட்டார். ஆகவே உவமையில் 'பசுமரம்' என்ற சொல்லுக்கு எடை இருக்கிறது.

ரம்பமும் நேரமும்

உள்ளே போகும் முன் எல்லாருக்கும் காதடைப்பான் கொடுத்தார்கள். போட்ட பிறகும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. இரண்டு பெரிய சக்கரங்களில் மாட்டிய பட்டை ரம்பம் நிற்காமல் ஓடுகிறது. கட்டையை அதற்குள் தள்ளினால் முதலில் பக்கவாட்டுச் சிலாகை கழன்று விழும். பிறகு பலகை பலகையாய் விழும். ரப்பர் பால் ரம்பத்தில் ஒட்டிப் பிசினாகும், பல்லும் மழுங்கும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரம்பத்தை மாற்றுகிறார்கள். கழற்றிய ரம்பத்தைத் தீட்டிச் சீர் செய்ய ஒருவர் தனி அறையில் இருக்கிறார். அவரை எல்லாரும் 'சோ டாக்டர்' என்றே கூப்பிடுகிறார்கள். மாணவர்களுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் அது கேலிப் பெயர் இல்லை. தொழிலின் முறையான பெயரே அதுதான்.

இங்கே ஒரு கணக்கு. ரம்பம் ஒரு முறை ஓடினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் மரம் தூளாகிறது. பலகையின் கனம் 25 மில்லிமீட்டர். அப்படியென்றால் எட்டு வெட்டுக்கு ஒரு பலகை தூளாகவே போய்விடும். சிலாகை, கணு, வளைவு, உளி பட்ட தழும்பு எல்லாம் கழித்தால் கட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பலகையாகத் தேறும். மிச்சம் வீணாவதில்லை. தூளும் துண்டும் கொதிகலனுக்குப் போகின்றன. அந்த வெப்பம்தான் பலகையை உலர்த்துகிறது. துகள் பலகை செய்யும் தொழிற்சாலைகளும் கழிவை வாங்கிக்கொள்கின்றன.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். அங்கே "இன்னிக்கு எத்தனை டன்?" என்று பேசிக்கொண்டார்கள். மரத் தொழிலில் டன் என்பது எடை இல்லை. 50 கன அடி, அதாவது சுமார் 1.4 கன மீட்டர் கொள்ளளவு. கட்டுரையில் இதைக் கிலோவாக மாற்றிவிடாதீர்கள்.

அறுத்த பலகையை ஒரு நாள்கூடச் சும்மா போடுவதில்லை. மரம் சாய்ந்ததிலிருந்து மருந்து ஏறும் வரை இரண்டு மூன்று நாளுக்கு மேல் போகக்கூடாது என்றார் மேற்பார்வையாளர். மழையில் லாரி தோட்டத்திலேயே மாட்டிக்கொண்டால் கட்டை நீலமேறித்தான் வரும். விலையும் அங்கேயே பாதி போய்விடும்.

வெங்காரமும் வெப்பமும்

நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி நீண்ட இரும்பு உருளை ஒன்று. பலகைகளை வண்டியோடு அதற்குள் தள்ளிக் கதவை இறுக்குகிறார்கள். முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகிறார்கள். பிறகு மருந்துக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். மருந்தின் பெயரைக் கேட்டு நான் அசந்துவிட்டேன். போராக்ஸும் போரிக் அமிலமும். போராக்ஸ் வேறொன்றுமில்லை, பத்தர் நகை பற்றவைக்கும்போது வைக்கும் வெங்காரம்தான். போரிக் அமிலத்தைக் கேரம் பலகையில் தூவியிருப்பீர்கள். மரத்திலுள்ள மாவை எடுத்துவிட முடியாது; ஆனால் அதைத் தின்னும் புழுவுக்கு நஞ்சாக்க முடியும். அதுதான் தத்துவம். ஒரு குறையும் உண்டு. இந்த மருந்து தண்ணீரில் கரையும். அதனால் ரப்பர் மரச் சாமான் வீட்டுக்குள்ளேதான் இருக்கவேண்டும். வாசலில் மழையில் போட்டுவிட்டு "மரம் சரியில்லை" என்று சொல்லக்கூடாது.

அடுத்தது உலர்த்தும் அறை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி வைத்து அடுக்கி, சூடான காற்றை ஒரு வாரம் போல ஓட்டுகிறார்கள். பத்து விழுக்காடு அளவுக்கு ஈரம் இறங்க வேண்டும். குச்சி எதற்கு? காற்று எல்லாப் பக்கமும் போகத்தான். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். காற்றில் சாய்ந்து வளர்ந்த ரப்பர் மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒரு பக்கத்தில் இழுவிசை உள்ள நார்களை வளர்த்திருக்கும். அந்த இழுப்பு செத்த பிறகும் போவதில்லை. அதனால் நீளப் பலகை வளையும். குட்டையாக அறுத்து, முனைகளை விரல் கோத்தது போல் இணைத்து, ஒட்டிப் பெரிதாக்குகிறார்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேற்பரப்பைப் பாருங்கள். பட்டை பட்டையாக ஒட்டிய கோடுகள் தெரிந்தால் அது அநேகமாக நம் பால்மரம்தான்.

எழுதும்போது

திரும்பி வந்ததும் அதே மாணவர்களை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் முதலில் எழுதியது: "பின்னர் பலகைகள் இரசாயனத்தில் இடப்பட்டன. அதன் பின்னர் அவை உலர்த்தப்பட்டன." வாக்கியத்தில் பிழை இல்லை, ஆனால் விளக்கமும் இல்லை. "ஏன்?" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். திருத்தியது இப்படி வந்தது: "வைரம் இல்லாத மரம் என்பதால் வண்டு எளிதில் துளைக்கும், ஆகவே அறுத்த கையோடு வெங்காரக் கரைசலை அழுத்தி ஏற்றுகிறார்கள்." காரணம் முன்னால் வந்ததும் 'ஆகவே' என்ற இணைப்புச்சொல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இணைப்புச்சொற்களைப் பட்டியல் போட்டு மனனம் செய்யச் சொல்வதைவிட இந்த ஒரு 'ஏன்' எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

செயப்பாட்டு வினையையும் பாருங்கள். "அறுக்கப்பட்டன, அடுக்கப்பட்டன, அனுப்பப்பட்டன" என்று எழுதினால் ஆலையில் மனிதர்களே இல்லாதது போல் ஆகிவிடுகிறது. அங்கே நேப்பாளத்தவர், வங்காளதேசத்தவர், சீன தவ்கே, நம் பெரியவர் என்று ஆட்கள் இருந்தார்கள். யார் அறுத்தார், யார் அடுக்கினார் என்று எழுதுங்கள்.

கூட்டிப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தை. ஆலையில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், ஆனால் கூட்டம் பெரிதாக இருந்தால் தயங்குவார்கள். மூடிய காலணி கட்டாயம். பிள்ளைகள் துப்பட்டா, தொங்கும் கழுத்துப் பட்டை போட்டு வரக்கூடாது. கூந்தலை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். ரம்பத்துக்குப் பக்கத்தில் கேள்வி கேட்க முடியாது, கேட்காது. கேள்விகளைத் திடலில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் லாரி இறக்குவதைப் பார்க்கலாம்.

புறப்படும்போது பெரியவர் இரண்டு சிறு துண்டுகளைக் கொடுத்தார். ஒன்று மருந்து ஏறி உலர்ந்தது. மற்றொன்று அன்று காலை அறுத்த பச்சைத் துண்டு. வகுப்புச் சன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி எழுதி ஒட்டியிருக்கிறோம். பச்சைத் துண்டில் நான்காம் நாளே நீலம் ஏறிவிட்டது. பொடி இன்னும் விழவில்லை. திங்கட்கிழமைதோறும் ஒரு மாணவன் துண்டைத் தூக்கிக் கீழே விரலால் தடவிப் பார்த்து, குறிப்பேட்டில் ஒரு வாக்கியம் எழுதுகிறான்.